ரெய்டுக்கு வாரண்ட் வேண்டாமா? கிடங்குக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் பார்க்காத நுகர்வோர் சட்டத்தின் 22-வது பிரிவு

2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்குக்குள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள் நுழைந்தார்கள். கட்டாயமாக இருக்க வேண்டிய தர முத்திரை இல்லாத தண்ணீர் பாட்டில், ஃபேன், பொம்மை என்று 3,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒரே வார்த்தைதான்: சூப்பர். ஷாக் அடிக்கிற கெய்சரையும், பெயின்ட் உரியும் பொம்மையையும் ஆஃபரில் வாங்கி ஏமாந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அந்தச் செய்தியை காலேஜ் ஃபிரெண்ட் ஒருத்திக்கு ஃபார்வேர்டு செய்தேன். அவள் ஐடி வேலையோடு சேர்த்து இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறாள். ஸ்டாக் எல்லாம் வீட்டுப் பின்கட்டில், பாட்டி படுக்கும் அறையில். அவளிடமிருந்து வந்த பதில்: "சூப்பர்தான். ஆனா நாளைக்கு என் வீட்டுக்கு வந்தா? வாரண்ட் காட்டச் சொல்லலாமா?"

சட்டென்று "ஆமா, கேட்கலாம்" என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். சினிமாவில் பார்த்ததை வைத்து சட்டம் சொல்லக்கூடாது இல்லையா? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்த பிறகு கிடைத்த பதில் கொஞ்சம் சங்கடமானது. கேட்கலாம். ஆனால் அவர்கள் வாரண்ட் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

யார் வரலாம், எப்போது வரலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புதுவாயலில் நடந்தது தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் நடந்த சோதனை. எடை, அளவு, பாக்கெட் மீதான விலைக்கு சட்டமுறை எடையளவுச் சட்டம். சாப்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் அதிகாரிகளுக்கு உள்ளே நுழையும் அதிகாரம் தனித்தனியாக இருக்கிறது. இவை போக, பொய் விளம்பரம், நியாயமற்ற வணிக முறை, நுகர்வோர் உரிமை மீறல் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதுதான் 2019 சட்டத்தின் 22-வது பிரிவு. நாம் பேசப்போவது அதைப் பற்றி.

இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற புது அமைப்பு பிறந்தது. சுருக்கமாக சிசிபிஏ. ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று நாம் வழக்குப் போடும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வேறு, இது வேறு. அங்கே உங்கள் தனிப்பட்ட நஷ்டத்துக்குத் தீர்ப்பு கிடைக்கும். சிசிபிஏ பார்ப்பது ஒருவரை அல்ல, நுகர்வோர் என்ற மொத்தக் கூட்டத்தையும் பாதிக்கும் விஷயங்களை. அதனால் உங்கள் வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்பதற்காக யாரும் ரெய்டு போகமாட்டார்கள். அதே மிக்ஸி ஆயிரம் வீட்டில் வெடிக்கிறது என்றால் கதை வேறு. அப்படிப்பட்ட புகாரை சிசிபிஏவுக்கே அனுப்பலாம், உங்கள் மாவட்ட கலெக்டருக்கும் அனுப்பலாம்.

புகார் வந்ததும் நேராகக் கதவைத் தட்ட முடியாது. முகாந்திரம் இருக்கிறதா என்று சிசிபிஏ முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்த வேண்டும். இருக்கிறது என்று திருப்தியானால் அதன் புலனாய்வுப் பிரிவின் தலைமை இயக்குநரையோ மாவட்ட கலெக்டரையோ விசாரிக்கச் சொல்லும். அதற்குப் பிறகுதான் 22-வது பிரிவு உயிர் பெறுகிறது. மீறல் நடந்திருக்கிறது என்று "நம்புவதற்குக் காரணம்" இருந்தால் தலைமை இயக்குநர், அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி, அல்லது கலெக்டர் "நியாயமான நேரத்தில்" உள்ளே நுழையலாம், தேடலாம், ஆவணம், பதிவேடு, பொருள் என்று எந்த வடிவில் ஆதாரம் இருந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

நம்புவது யார்? அந்த அதிகாரியேதான். அவருடைய நம்பிக்கை சரியா என்று கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும் என்று பிரிவு கேட்கவில்லை. நியாயமான நேரம் என்றால் எத்தனை மணி என்றும் சொல்லவில்லை. எந்த இடம் என்பதிலும் கடை, கிடங்கு, வீடு என்று பிரித்துப் பேசவில்லை.

அதிகாரமே வேண்டாம் என்பதா வாதம்?

இல்லை. அந்த அதிகாரம் தேவை. ஏமாற்று வேலைக்கான ஆதாரம் பெரும்பாலும் ஏமாற்றியவரிடம்தான் இருக்கும். ஐஏஎஸ் கோச்சிங் சென்டர் விளம்பரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டாப்பரின் போட்டோ நாலு சென்டரின் போஸ்டரில் சிரிக்கும். அந்த மாணவர் உண்மையில் என்ன படித்தார் என்பது அவர் சேர்ந்தபோது நிரப்பிய ஃபாரத்தில் இருக்கும், அந்த ஃபாரம் சென்டரின் பீரோவில் இருக்கும். சிசிபிஏ இப்படிப் பல சென்டர்களை விசாரித்தபோது, ஜெயித்தவர்களில் பலர் கடைசிக் கட்ட இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டுமே அங்கே போனவர்கள் என்று தெரியவந்தது. விளம்பரத்தில் அது மறைக்கப்பட்டிருந்தது. சென்டர்களுக்கு அபராதம் விழுந்தது. 2024 நவம்பரில் கோச்சிங் துறைக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மாதிரி ஆதாரத்தை வாங்க கதவை உடைக்க வேண்டியதில்லை. "ஆவணத்தைக் கொண்டு வா" என்று உத்தரவிடும் அதிகாரத்தை 19-வது பிரிவே கொடுக்கிறது. 2022-ல் தரக் கட்டுப்பாட்டை மீறிய பிரஷர் குக்கர் விவகாரத்தில் அமேசான் வழியாக 2,265 குக்கர்களும் ஃபிளிப்கார்ட் வழியாக 598 குக்கர்களும் விற்றிருந்தன. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன உத்தரவு நோட்டீஸ், பதில், விசாரணை என்ற வழியில் வந்ததுதான்.

அப்படியென்றால் ரெய்டு எதற்கு? கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கேட்டவுடன் அழித்துவிடுவார்கள் என்கிற இடத்துக்கு. 2023 நவம்பரில் 13 வகை 'டார்க் பேட்டர்ன்'களுக்கு சிசிபிஏ தடை போட்டதே, அவற்றை நினைத்துப் பாருங்கள். "இன்னும் 2 மட்டுமே மீதம்" என்று ஆப் பொய்யாக அவசரப்படுத்தியது என்பதற்கான ஆதாரம் ஒரு சர்வரில் இருக்கும். நோட்டீஸ் கொடுத்து பதினைந்து நாள் டைம் கொடுத்தால் சர்வர் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே திடீர் சோதனை தவிர வழியில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு

சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். 22-வது பிரிவே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை, பறிமுதல் விதிகள் "கூடியவரை" இங்கேயும் பொருந்தும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. அதன்படி பார்த்தால் அந்தப் பகுதியைச் சேர்ந்த குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே நிற்கலாம். எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் போட்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அதன் நகல் வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105-வது பிரிவு ஒரு படி மேலே போய், சோதனையை வீடியோ எடுக்கச் சொல்கிறது. அதற்கு செல்போனே போதும் என்கிறது.

அந்தக் "கூடியவரை" என்ற ஒரு சொல்தான் இடிக்கிறது. காவல்துறை வாரண்ட் இல்லாமல் தேடப் போகும்போது அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. அது சிசிபிஏ அதிகாரிக்கும் கட்டாயமா? ஆமாம் என்பார் உங்கள் வக்கீல். கூடியவரை என்றுதானே இருக்கிறது, கூடவில்லை என்பார் எதிர்த்தரப்பு. இந்த வாதமெல்லாம் ஐகோர்ட்டில் நடக்கும். உங்கள் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கு நடக்காது.

எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு 20 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். வருமான வரி ரெய்டில் போன ஃபைல் எப்போது வரும் என்று காத்திருப்பவர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் அதே பிரிவில், பொருளை லேபுக்கு அனுப்பினால் 38-வது பிரிவின் முறை பொருந்தும் என்றும் இருக்கிறது. அங்கே லேபுக்குக் கொடுக்கும் அவகாசம் 45 நாள். 20 நாளில் திரும்ப வேண்டிய பொருள் 45 நாள் லேபில் எப்படி இருக்கும்? சாம்பிள் மட்டும் லேபுக்கு, மிச்சம் உங்களுக்கு என்று அர்த்தம் செய்துகொண்டால் சரியாக வரும். சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு 93-வது பிரிவு. காரணமே இல்லை என்று தெரிந்தும் வேண்டுமென்றே சோதனை போட்ட அதிகாரிக்கு ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் "தெரிந்தும்" என்பதை நிரூபிக்க வேண்டும். காரணத்தை எழுதியே வைக்காத அதிகாரியின் மனசுக்குள் என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? தொகையையும் பாருங்கள். பொய் விளம்பரத்துக்கு சிசிபிஏ முதல் முறை போடக்கூடிய அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. பொய் ரெய்டுக்குப் பத்தாயிரம்.

இன்னொன்று. சோதனை சட்டவிரோதமாகவே நடந்தாலும் அதில் கிடைத்த ஆதாரம் குப்பைக்குப் போகாது. பூரண் மல் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்க சீரியல்களில் வருவது மாதிரி "வாரண்ட் இல்லை, கேஸ் தள்ளுபடி" என்பது இங்கே நடக்காது. அதனால் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அது கதவு திறப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்து பெரிய பயனில்லை.

சிமென்ட் கம்பெனிக்கு மாஜிஸ்திரேட், சேலைக் கடைக்கு?

என்னை உண்மையில் உறுத்தியது இந்த இடம்தான். நம் நாட்டில் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுகிறார்களா என்று பார்க்க இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது. அதன் தலைமை இயக்குநர் ஒரு சிமென்ட் கம்பெனிக்குள்ளோ பீர் கம்பெனிக்குள்ளோ சோதனைக்குப் போக வேண்டும் என்றால் டெல்லி தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். 2023-ல் போட்டிச் சட்டத்தைத் திருத்தியபோதும் அந்தப் படியை எடுக்கவில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 209-வது பிரிவிலும் சிறப்பு நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

அதாவது, ஆயிரக்கணக்கான கோடி புரளும், வக்கீல் படையே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நடுவில் ஒரு மாஜிஸ்திரேட் நிற்கிறார். பின்கட்டில் சேலை மடிக்கும் பெண்ணுக்கும் கலெக்டருக்கும் நடுவில் யாரும் இல்லை.

"மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போனால் ரகசியம் போய்விடும், ஆதாரம் அழிந்துவிடும்" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். போட்டி ஆணையத்தின் ரெய்டுகளும் திடீர் ரெய்டுகள்தான். வாரண்ட் வாங்கிக்கொண்டேதான் போனார்கள். உத்தரவு கேட்பது எதிராளிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லையே.

நுகர்வோர் சட்டத்தின் சொந்த வீட்டிலேயே இதைவிட நல்ல மாதிரி இருந்தது என்பதுதான் வேடிக்கை. பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த 1987 விதிகளைப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது ஆவணங்கள் அழிக்கப்படலாம், மறைக்கப்படலாம் என்று நுகர்வோர் மன்றம் நினைத்தால், எழுத்துப்பூர்வ உத்தரவு போட்டு ஓர் அதிகாரியை அனுப்பலாம். அவர் எதையாவது கைப்பற்றினால் 72 மணி நேரத்துக்குள் காரணத்தை எழுதி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உத்தரவு போடுபவர் வேறு, உள்ளே போகிறவர் வேறு. 2019-ல் சிசிபிஏவுக்கான பிரிவை எழுதியவர்கள் இந்த இரண்டு வரியை எடுத்துப் போட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இது ஏதோ நான் கண்டுபிடித்த கவலையும் இல்லை. முத்திரைச் சட்டத்தில் ஆந்திராவில் ஒரு திருத்தம் கொண்டு வந்து, கலெக்டர் யாரை வேண்டுமானாலும் அனுப்பி ஆவணங்களைப் பார்க்கலாம், கைப்பற்றலாம் என்று வைத்திருந்தார்கள். கனரா வங்கி வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தரங்கம் என்பது இடத்தைச் சார்ந்தது அல்ல, மனிதரைச் சார்ந்தது என்றும், போதுமான காரணமும் கட்டுப்பாடும் இல்லாமல் இப்படிப்பட்ட அதிகாரம் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னது. 2017-ல் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே அறிவித்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்ட சட்டம் இது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 22-வது பிரிவு அந்த ஆந்திரத் திருத்தம் அளவுக்கு மோசமில்லை. முன்னால் ஒரு பூர்வாங்க விசாரணை இருக்கிறது, பின்னால் 93-வது பிரிவு இருக்கிறது. நடுவில்தான் ஓட்டை.

வீடும் போனும்

1986-ல் கடை என்றால் கடை. ஷட்டர் இருக்கும், போர்டு இருக்கும். இன்று கேக், ஊறுகாய், சேலை, நகை, ஆன்லைன் டியூஷன் எல்லாம் வீட்டிலிருந்தே நடக்கிறது. "ஒரிஜினல் கைத்தறி" என்று போட்டு பவர்லூம் சேலையை விற்றால் அது பொய் விளம்பரம்தான். வீட்டிலிருந்து விற்கிறேன் என்பது சாக்காகாது. ஆனால் அந்த விசாரணைக்காகப் பாட்டியின் அறைக்குள் நுழைய ஒரு நீதிபதியின் கையெழுத்து வேண்டுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இதைச் சரியாகப் பிரித்திருக்கிறது. கடைக்கும் கிடங்குக்கும் வாரண்ட் இல்லாமல் போகலாம். பெரும்பாலும் குடியிருப்பாக இருக்கும் இடத்துக்குள் கட்டாயமாக நுழைய வேண்டுமென்றால் வாரண்ட் வேண்டும்.

போன் இன்னும் சிக்கல். 22-வது பிரிவில் போன் என்ற சொல்லே இல்லை. ஆனால் "பொருள்", "வேறு எந்த வடிவிலான ஆதாரம்" என்ற சொற்களுக்குள் அது தாராளமாக அடங்கும். ஆர்டர் வந்த சாட் அதில்தான் இருக்கிறது. அதே போனில்தான் யுபிஐ, ஆபீஸ் மெயில், டாக்டர் ரிப்போர்ட், பர்சனல் சாட் எல்லாம். பில் புத்தகத்தைக் கைப்பற்றினால் பில் மட்டும் போகும். போனைக் கைப்பற்றினால் உங்கள் வாழ்க்கையே போகும். விசாரணை அமைப்புகள் டிஜிட்டல் சாதனங்களை எடுத்துச் செல்வதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. அது பத்திரிகையாளர்களின் சாதனங்கள் பற்றிய வழக்கு. சேலை விற்பவரின் போன் மட்டும் என்ன தக்காளித் தொக்கா?

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. கிடங்குக்கும் ஷோரூமுக்கும் இப்போதிருக்கும் அதிகாரமே போதும், ஆனால் காரணத்தை எழுதி அதன் நகலை இடத்துக்காரரிடம் கொடுக்கட்டும். வீட்டுக்கும் போனுக்கும் மாஜிஸ்திரேட் உத்தரவு கட்டாயமாகட்டும். உண்மையிலேயே அவசரம், இப்போது போகாவிட்டால் ஆதாரம் போய்விடும் என்றால் போகட்டும், 1987 விதி மாதிரி 72 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் காரணத்தோடு அறிக்கை கொடுக்கட்டும். சிசிபிஏ ஒவ்வொரு ஆண்டும் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதில் எத்தனை சோதனை, எத்தனை பறிமுதல், 20 நாளில் எத்தனை திரும்பின என்று ஒரு பக்கம் சேர்த்தால் போதும்.

அதுவரை, உங்கள் வாசலுக்கு யாராவது வந்தால்? தடுக்காதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். அடையாள அட்டையையும், தலைமை இயக்குநர் அவருக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவையும் காட்டச் சொல்லுங்கள். எந்தப் புகாரில் விசாரணை என்று கேளுங்கள். சாட்சிகள் யார், வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். பட்டியலில் ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கையோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் வாங்காமல் அவர்களை அனுப்பாதீர்கள். முக்கியமாக, எதையும் அழிக்காதீர்கள். இவர்கள் போடும் இறுதி உத்தரவில் உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இதையெல்லாம் சுருக்கி ஃபிரெண்டுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவள் பேஜில் "100% ஒரிஜினல் கைத்தறி" என்ற வரி போயிருந்தது, அந்த இடத்தில் ஒவ்வொரு சேலைக்கும் எந்த ஊர், கைத்தறியா பவர்லூமா என்று தனித்தனியாக எழுதியிருந்தாள். கூடவே எனக்கு ஒரு மெசேஜ்:

"எல்லாம் ஓகே. போனை எடுத்துட்டுப் போனா 20 நாளா? தீபாவளி ஆர்டர் மொத்தமும் அதுலதான்டி இருக்கு."